கத்தியா, கட்டா?

மும்பை தாராவியிலிருந்து 52 வயதுச் சகோதரி ஒருவர் தம் மகளைக் கொண்டு எழுதவைத்த கடிதம் இது. வலக்கை பேனா பிடிக்க மறுக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

நெல்லைப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து முப்பது ஆண்டுகள். குடும்பத்துக்கு இட்லி வியாபாரம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது, மாவுக் குண்டானைத் தூக்கி ஊற்றுவது, விடிவதற்குள் கணவரின் சைக்கிளில் பாத்திரங்களை ஏற்றிவிடுவது எல்லாம் அவருடைய பொறுப்பு. சர்க்கரை நோய்க்கு 11 ஆண்டுகளாக மாத்திரை. எட்டு மாதங்களுக்கு முன், எந்த அடியும் படாமல், வலது தோளில் வலி தொடங்கியது. முதலில் இரவில் மட்டும். அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் விழிப்பு வந்துவிடும். பிறகு கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போவதை நிறுத்திக்கொண்டது. இன்று தலை பின்ன முடியவில்லை, பரணில் இருக்கும் இட்லித் தட்டை எடுக்க முடியவில்லை, முதுகுக்குப் பின்னால் கை போகவே இல்லை. "மகள் என் கையைப் பிடித்துத் தூக்கினாலும் போகவில்லை, தாழ்ப்பாள் போட்ட கதவுபோல ஓரிடத்தில் நின்றுவிடுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

இதற்கிடையில் நடந்தவை பல. பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் கையைக் கழுத்தோடு தொங்கவிடும் கைத்தொட்டில் வாங்கி மூன்று மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு வைத்தியர் "நரம்பு பிசகியிருக்கிறது" என்று ஐந்து நாள் எண்ணெய் போட்டு, இரண்டு பெண்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையை இழுத்திருக்கிறார். தோள் கறுத்து வீங்கியது. அவரே கொடுத்த பொடியைச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் வலி பறந்துவிடுகிறது, ஆனால் சர்க்கரை 300-ஐத் தாண்டுகிறது, முகமும் உப்பிவிட்டது. பிசியோதெரபிக்கு நான்கு நாள் போய், வலி கூடியதால் விட்டுவிட்டார். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 'சுப்ராஸ்பைனேட்டஸ் (கையைத் தூக்க உதவும் தோள் தசை) தசைநாரில் பாதிக் கிழிசல், எலும்பு உரசல், மூட்டுத் தேய்மானம்' என்று வந்திருக்கிறது. 1,80,000 ரூபாய் செலவில் நுண்துளை அறுவை செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் முழுவதும் அறுந்துவிடும் என்கிறார்கள். மாமியாரோ புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்கிறார். அதற்குச் சான்று, கபடி ஆடும் 23 வயது மகன். அவனுக்குத் தோள் விலகியபோது புத்தூர் கட்டுப் போட்டு உடனே சரியானதாம். அதன் பிறகும் இரண்டு முறை விலகியது, இப்போது அவனே உள்ளே தள்ளிக்கொள்ளப் பழகிவிட்டானாம். "கத்தியா, கட்டா, எதற்குப் போகட்டும்? பதினைந்து நாளில் அடுப்புக்குத் திரும்ப வேண்டும்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரி,

தாழ்ப்பாள் போட்ட கதவு என்று எழுதினீர்களே, உங்கள் ஆறு பக்கங்களிலும் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த வரிதான். எம்.ஆர்.ஐ. படம் சொல்லாததை அது சொல்லிவிட்டது. நானும் அறுவை மருத்துவன். தோளில் துளையிட்டுச் செய்யும் அறுவையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அப்படியிருந்தும் சொல்கிறேன்: கத்திக்கும் அவசரம் இல்லை, கட்டுக்கும் இடம் இல்லை. உங்கள் தோளுக்கு வந்திருப்பது வேறொன்று என்றே உங்கள் கடிதம் காட்டுகிறது. நேரில் தொட்டுப் பார்க்காமல் எவரும் உறுதி சொல்ல முடியாது என்பதால், அதை எப்படி உறுதிசெய்துகொள்வது என்றும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் தோளில் நடப்பது

தோள் மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. நல்ல நிலையில் அது தளர்வான பைபோல மடிந்து கிடக்கும். கையைத் தூக்கும்போது விரிந்துகொடுக்கும். சிலருக்கு அந்த உறை புண்பட்டு, தடித்து, நாளடைவில் சுருங்கிவிடுகிறது. பை சிறுத்துவிட்டால் உள்ளே இருக்கும் எலும்பு எப்படித் திரும்பும்? இதைத்தான் உறைந்த தோள், ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறோம். அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934-இல் வைத்த பெயர் அது. நம் சித்த மருத்துவர்கள் இதே குறிகளைக் கும்பவாதம் என்ற பெயரில் அறிந்திருந்தார்கள். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு, எல்லாருக்கும் மேலாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு வருகிறது. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வரும்; அதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

தசைநார் கிழிந்த தோளுக்கும் உறைந்த தோளுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். நின்றுகொண்டு முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். முன்கை நேராக முன்னால் நீளட்டும். முழங்கையை விலாவிலிருந்து எடுக்காமல், கதவு திறப்பதுபோல முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். பிறகு உங்கள் மகள் அதே அசைவை மெதுவாகச் செய்து பார்க்கட்டும். நாரில் பெரிய கிழிசல் இருப்பவருக்குச் சொந்த பலத்தில் கை போகாது, பிறர் பிடித்தால் போகும். கயிறு அறுந்த ராட்டினத்தைக் கையால் சுற்ற முடிவதுபோல. உறைந்த தோளில் யார் பிடித்தாலும் போகாது. உங்களுக்குத் தூக்கும்போது அப்படித்தான் ஆகிறது. வெளிப்பக்கம் திருப்பும்போதும் இடக்கையோடு ஒப்பிட்டால் வலக்கை பாதிக்கும் குறைவாகவே திரும்பினால், ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது.

இன்னும் ஒன்று தேவை, சாதாரண எக்ஸ்ரே. மூட்டு வெகுவாகத் தேய்ந்திருந்தாலும், பின்பக்கமாக மூட்டு விலகி யாரும் கவனிக்காமல் விட்டிருந்தாலும் கை இப்படியே பூட்டிக்கொள்ளும். எம்.ஆர்.ஐ.க்குப் பணம் கட்டிய நீங்கள் எக்ஸ்ரே எடுத்ததாக எழுதவில்லை.

காகிதத்தில் உள்ள கிழிசல்

"கிழிசல்" என்ற சொல் உங்களை எவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அது பத்து இடங்களில் வருகிறது. புடவை கிழிந்தால் இழுக்க இழுக்கக் கிழிசல் நீளும், அதனால் தோளிலும் அப்படித்தான் என்று நினைத்துக் கையைத் தொட்டிலில் போட்டுவிட்டீர்கள். தோளின் கதை அப்படியல்ல. தலைமுடி நரைப்பதுபோல, வயது ஏற ஏற இந்த நார்களில் இழை பிரிவது பலருக்கும் நடக்கிறது. தோளில் ஒரு துளி வலிகூட இல்லாத ஐம்பது, அறுபது வயதுக்காரர்களைப் படமெடுத்தாலும் அவர்களில் பலருக்குப் பாதிக் கிழிசல் தெரியும். சில பாதிக் கிழிசல்கள் மெல்ல வளரும், பல ஆண்டுகள் அப்படியே இருப்பவையும் உண்டு. ஒரு மாதத்தில் அறுந்துவிடும் என்று மிரட்டும் அளவுக்கு எதுவும் உங்கள் அறிக்கையில் இல்லை.

எலும்பு உரசல் என்று எழுதியிருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவையில் அதைச் செதுக்குவதும் ஒரு பகுதி. தோள்பட்டை எலும்பின் முனை கீழேயுள்ள நாரை உரசுவதால்தான் வலி வருகிறது என்று 1972-இல் சார்லஸ் நீர் எழுதினார். அவர் எங்கள் துறையின் பெரியவர்களில் ஒருவர். அவர் சொன்னபடி அந்த முனையைச் செதுக்கும் அறுவை உலகெங்கும் லட்சக்கணக்கானவர்களுக்குச் செய்யப்பட்டது. 2018-இல் பிரிட்டனிலும் பின்லாந்திலும் தனித்தனியாக வெளிவந்த இரண்டு ஆய்வுகள் அதைச் சோதித்தன. சிலருக்கு எலும்பைச் செதுக்கினார்கள். சிலருக்குத் துளை மட்டும் போட்டு, ஒன்றும் செதுக்காமல் மூடினார்கள். இரு தரப்பினருக்கும் வலி குறைந்ததில் நோயாளி உணரத்தக்க வேறுபாடு இல்லை. இதை ஒப்புக்கொள்வது எங்களில் பலருக்குக் கடினமாக இருந்தது. ஆனாலும் நோயாளியிடம் சொல்லாமல் இருப்பது தவறு.

உங்களுக்கு அறுவையைப் பரிந்துரைத்தவர் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவர் உங்களை நேரில் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. ஆனால் "படத்தைப் பார்த்தார், கையை அசைத்துப் பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. உறை சுருங்கிய தோளில் எலும்பைச் செதுக்குவதோடு நாரையும் தைத்தால், பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் கட்டி வைப்பார்கள். சுருங்கிய உறை இன்னும் சுருங்கும்.

எண்ணெய், ஒத்தடம், கட்டு, பொடி

நாட்டு வைத்தியம் என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேறு பொருள்களைப் போட்டு வைத்திருக்கிறோம். அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எண்ணெயும் ஒத்தடமும் உங்களுக்கு நல்லவை. நொச்சியோ, வறுத்த உப்போ, சூடு மிதமாக இருக்கட்டும். தோளைச் சுற்றிய தசைகள் வெப்பத்தில் இளகும், உடற்பயிற்சி அதன் பிறகு எளிதாக வரும். 11 ஆண்டு சர்க்கரையில் தோலின் உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும் என்பதால், ஒத்தட மூட்டையை முதலில் உங்கள் மகள் தன் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். இதமாகத் தடவிவிடும் தொக்கணத்தை நான் தடுக்க மாட்டேன். முதுகுத் தசைகள் இத்தனை மாதமாகத் தோளின் வேலையையும் சேர்த்துச் செய்து களைத்திருக்கும்.

இழுப்பது வேறு. பிசகிய நரம்பு என்று ஒன்று உங்கள் தோளில் இல்லை. வெளிநாட்டிலும் நம் நாட்டிலும் மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுத்து, தசைகள் தளர்ந்த பிறகு, அளந்து திருப்புகிறோம். அப்போதும் எப்போதாவது மேற்கை எலும்பு முறிந்துவிடுவதுண்டு. விழித்திருக்கும் ஒருவரைப் பிடித்துவைத்து இழுத்ததில் உங்களுக்குக் கறுத்து வீங்கியதோடு போனதே என்று ஆறுதல் கொள்ளுங்கள். இனி ஒருவரையும் இழுக்க விடாதீர்கள்.

புத்தூர் கட்டு. சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் உள்ள அந்த ஊரின் கட்டை நான் மட்டமாகப் பேச மாட்டேன். பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் சிம்பு, துணி ஆகியவற்றைக் கொண்டு முறிந்த எலும்பை அசையாமல் பிடித்துவைக்கும் முறை அது. அசையாமல் இருந்தால் எலும்பு கூடும். மாவுக்கட்டின் தத்துவமும் அதுதான். இடம் விலகாத எளிய முறிவுகள் அதில் கூடியிருக்கின்றன. ஆனால் உங்கள் தோள் கேட்பது அசைவு. அசையாமல் கட்டும் எந்தக் கட்டும், அது புத்தூரிலிருந்து வந்தாலும் என் மருத்துவமனையிலிருந்து வந்தாலும், உங்கள் பூட்டுக்கு இன்னொரு பூட்டு. மருந்துக் கடையில் வாங்கிய அந்தக் கைத்தொட்டிலும் அப்படியே. அதை இன்றே கழற்றிவிடுங்கள்.

பொடியைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடி, இரண்டு மணி நேரத்தில் வலியை விரட்டி, சர்க்கரையை ஏற்றி, முகத்தை உப்பவைக்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்ற ஐயம் எந்த மருத்துவருக்கும் எழும். இது சித்த மருத்துவமே அல்ல, அதன் பெயரைக் கெடுக்கும் கலப்படம். முறையாகச் சித்த மருத்துவம் படித்துப் பதிவுபெற்றவர் மருந்தின் பெயரை எழுதிக் கொடுப்பார். இங்கே ஒரு எச்சரிக்கை: மூன்று மாதமாகத் தின்ற பொடியைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு வரலாம். பொட்டலத்தோடு இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் போங்கள். இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் அளவான மாத்திரைக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார். இதைத் தோளுக்கு முன்னால் செய்யுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது

உறைந்த தோள் மூன்று கட்டங்களாக நடக்கும். முதலில் வலி ஆளும் மாதங்கள். பிறகு வலி தணிந்து இறுக்கம் ஆளும் மாதங்கள். கடைசியில் மெல்ல இளகும் காலம். மொத்தம் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பொதுவாகத் தாமதமாகும், சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் மிச்சமிருக்கும். பதினைந்து நாள் என்று நீங்கள் கேட்டதற்கு இது கசப்பான விடை என்று எனக்குத் தெரியும். ஆனால் அறுவையும் பதினைந்து நாளில் உங்களை அடுப்புக்கு அனுப்பாது. நாரைத் தைத்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் கை தொட்டிலில். மாவுக் குண்டானைத் தூக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். முழு பலம் திரும்ப அரை ஆண்டுக்கும் மேல். அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

முதலில் சர்க்கரை. எச்.பி.ஏ.1சி என்ற மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள்; பெரும்பாலானவர்களுக்கு அது 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை மூட்டுறையின் இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது.

அடுத்து ஊசி. "தோளில் ஊசி போட்டால் எலும்பு கரைந்துவிடும்" என்று பயந்து மறுத்திருக்கிறீர்கள். மாதாமாதம் போட்டுக்கொண்டே போனால் நாருக்கும் மூட்டுக்கும் கெடுதல் என்பது உண்மை. சரியான இடத்தில், மூட்டுக்குள், ஒரே ஒரு முறை போடும் ஸ்டீராய்டு ஊசி அப்படிப்பட்டதல்ல. வலி ஆளும் கட்டத்தில் அது தரும் சில வார நிம்மதியில்தான் பலரும் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். ஊசிக்குப் பிறகு சில நாள்கள் சர்க்கரை ஏறும், தினமும் பார்க்க வேண்டும். இன்றைய 300-இல் போடக் கூடாது. பொடிப் பிரச்சினை தீர்ந்து சர்க்கரை இறங்கிய பிறகு கேளுங்கள்.

பயிற்சியை நீங்கள் நான்காம் நாள் விட்டதில் உங்கள் மேல் தவறில்லை. வலி உச்சத்தில் இருக்கும் தோளை முரட்டுத்தனமாகப் பயிற்றினால் அப்படித்தான் ஆகும். மேசையில் இடக்கையை ஊன்றிக் குனிந்து, வலக்கையைத் தொங்கவிட்டு, கிணற்றில் வாளி ஆடுவதுபோல மெல்ல ஆட்டுங்கள். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள். முட்டும் இடத்தில் பத்து எண்ணும் வரை நின்றுவிட்டு இறங்குங்கள், எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பூரிக்கட்டையை இரு கைகளாலும் பிடித்து, முழங்கை விலாவை விட்டு விலகாமல், இடக்கையால் வலக்கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை, ஒத்தடத்துக்குப் பிறகு. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி; இரவு தூங்கவிடாமல் வலித்தால் பாதியாகக் குறையுங்கள். படுக்கும்போது வலது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. குண்டானைப் பாதி நிரப்பி, இடுப்பு உயரத்தில் வைத்து, இரு கைகளாலும் நகர்த்துங்கள்; பரணில் உள்ளதெல்லாம் கீழே வரட்டும். பிசியோதெரபியை விடாமல் தொடர, உங்களுக்கு எட்டும் தூரத்தில் சயானின் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையும் பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், இருந்தாலும் போங்கள்.

ஆறு மாதம் முறையாக இதையெல்லாம் செய்த பிறகும் கை நகரவில்லை என்றால், அப்போது அறுவையைப் பேசலாம். உறையை உள்ளிருந்தே வெட்டித் தளர்த்தும் நுண்துளை அறுவை ஒன்று உண்டு. உங்களுக்கு இப்போது சொல்லப்பட்டது அதுவல்ல. பிரிட்டனில் சுமார் 500 உறைந்த தோள் நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஊசியோடு பிசியோதெரபி, மயக்கத்தில் திருப்புதல், நுண்துளை அறுவை என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் எந்த ஒன்றும் மற்றவற்றைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கவில்லை. பிசியோதெரபி பெற்றவர்களில் சிலர் கூடுதலாகப் பின்னால் வேறு சிகிச்சைக்குப் போனார்கள். சிக்கல்கள் அறுவையில்தான் கூடுதல். ஆகவே உங்களைப்போல் சர்க்கரை கட்டுக்கடங்காத ஒருவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நடுவே காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலோ, விரல்கள் மரத்துக் கையில் பிடிமானம் குறைந்தாலோ, காரணமில்லாமல் உடல் இளைத்தாலோ இந்தக் கணக்கெல்லாம் மாறும். உடனே மருத்துவரைப் பாருங்கள். வியர்வையோடும் மூச்சுமுட்டலோடும் தோளிலோ கையிலோ வரும் வலி இதயத்தின் வலியாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலேகூட மாரடைப்பு வரும்.

கையெழுத்துப் போடுமுன்

மருத்துவர் இந்தியில் சொன்னதை மகன் "ஆபரேஷன் வேண்டுமாம்" என்று ஒரே வரியில் மொழிபெயர்த்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒப்புதல் ஆகாது. நோய் என்ன, வேறு வழிகள் எவை, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கிய பிறகு பெறுவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முன்பணம் கட்டியிருந்தாலும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது முதல் மருத்துவருக்குச் செய்யும் அவமரியாதையும் அல்ல. உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதி. எம்.ஆர்.ஐ. குறுந்தகட்டை வாங்கிக்கொள்ளுங்கள். மகளை உடன் அழைத்துச் செல்லுங்கள், "எந்த அசைவு எனக்குத் திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பின்னாளில் அறுவை தேவைப்பட்டாலும் கடன் வாங்கும் முன், மகாராஷ்டிர அரசின் மருத்துவக் காப்பீடான மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய திட்டத்தில் அது வருமா என்று அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வழிகாட்டும் ஊழியரான ஆரோக்கியமித்ராவிடம் ரேஷன் அட்டையோடு போய் விசாரியுங்கள்.

உங்கள் மகன்

அவனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. புத்தூர் கட்டின் வெற்றிக்குச் சான்றாக மட்டும் ஒரு வரி எழுதினீர்கள். எனக்கு உங்களைவிட அவன் தோள்தான் அதிகக் கவலை தருகிறது.

விலகிய தோளைக் கையால் உள்ளே போடும் கலை மிகப் பழையது. எகிப்தில் சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கல்லறைச் சுவரில் அந்தக் காட்சி வரையப்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் நாங்கள் செய்வதும் அறுவை இல்லாமல் கையால் போடுவதுதான். ஆகவே அவனுக்கு முதல் தடவை தோள் உள்ளே போனதில் வியப்பில்லை. ஆனால் உள்ளே போட்டதோடு முடிந்துவிடுவதில்லை என்பதும் பழையவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்தில், அடிக்கடி நழுவும் தோளுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். தழும்பு இறுகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். ஏன் நழுவுகிறது என்பதை 1923-இல் லண்டன் அறுவை மருத்துவர் பேங்கார்ட் விளக்கினார்: தோள் கிண்ணத்தின் விளிம்பில் உள்ள குருத்தெலும்பு வளையம் முன்பக்கத்தில் பிய்ந்துவிடுகிறது. வரப்பு உடைந்த வயலில் நீர் நிற்குமா? இளம் வயதில், மோதி விளையாடும் ஆட்டத்தில் தோள் விலகியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது திரும்பவும் விலகுகிறது. வயதானவருக்கு விலகினால் நார் கிழியும். இளைஞனுக்கு இந்த வரப்பு உடையும்.

தானே தள்ளிக்கொள்ளப் பழகிவிட்டான் என்பதைக் குடும்பமே பெருமையாகச் சொல்கிறது போலிருக்கிறது. ஒவ்வொரு முறை எலும்பு தாண்டும்போதும் கிண்ணத்தின் விளிம்பு கொஞ்சம் தேய்கிறது, உருண்டைத் தலையில் ஒரு பள்ளம் ஆழமாகிறது. இப்போது பார்த்தால் பிய்ந்த வளையத்தை நுண்துளை வழியாகத் தைத்துவிடலாம். எலும்பு அதிகம் தேய்ந்த பிறகு வந்தால், பக்கத்திலுள்ள சிறு எலும்பை வெட்டி எடுத்து விளிம்பில் திருகி வைக்கும் பெரிய அறுவை வேண்டியிருக்கும். கட்டால் இந்த வளையம் ஒட்டாது. உங்கள் வீட்டில் கத்தியைப் பற்றி முதலில் பேச வேண்டிய ஆள் அவன்தான்.

அவனைத் தோள் அறுவையில் பயிற்சி பெற்றவரிடம் அனுப்புங்கள். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., எலும்புத் தேய்மானத்தை அளக்க சி.டி. என்று எடுக்கச் சொல்வார்கள். அவன் விஷயத்தில் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. அறுவை முடிவானால் மீண்டும் களம் இறங்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதுவரை கபடி வேண்டாம். மேல்கையின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போன ஓர் இடம் இருக்கிறதா என்று இன்றிரவே தொட்டுப் பாருங்கள். இருந்தால் தோள் நரம்பு அடிபட்டிருக்கிறது, மருத்துவரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இனி ஒருமுறை விலகினால் அவனே தள்ள வேண்டாம், நண்பர்களும் இழுக்க வேண்டாம். கையை உடலோடு ஒட்டிப் பிடித்தபடி அவசரப் பிரிவுக்குப் போகட்டும், படமெடுத்த பிறகு போடட்டும்.

ஒன்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவன் வேலைக்கு லோக்கல் ரயிலில் போகிறவன். வாசலில் நின்று, விலகும் அந்தக் கையால் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கக் கூடாது. கை மேலே போய், பின்னால் சாய்ந்து, உடலின் பாரம் இழுக்கும் அந்த நிலைதான் இப்படிப்பட்ட தோளைக் கழற்றிவிடும் நிலை. தாதருக்கும் சயானுக்கும் நடுவே, ஓடும் ரயிலின் வாசலில் அது கழன்றால் உள்ளே தள்ளிக்கொள்ள அவனுக்கு நேரம் இருக்காது.

ஆறு வாரம் கழித்து இரண்டு செய்திகளை மகளை விட்டு எழுதச் சொல்லுங்கள்: சுவரில் பென்சில் கோடு எத்தனை விரற்கடை ஏறியிருக்கிறது, மகனின் படங்களில் என்ன தெரிந்தது.